அலாஸ்காவில் குடித்தனம்

ஃபுளோரிடாவின் புழுக்கம் அலுத்துப்போய், இனி இயற்கையோடுதான் வாழ்வு என்று மனைவியையும் கூட்டிக்கொண்டு அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸுக்குக் குடிபெயர்கிறவர்கள் உண்டு. டிசம்பர் கடைசியில் அங்கே சூரியன் நான்கு மணி நேரம்கூடத் தலைகாட்டாது. மைனஸ் 40 டிகிரி என்றால் செல்சியஸா ஃபாரன்ஹீட்டா என்று கேட்க வேண்டியதில்லை. அந்த இடத்தில் இரண்டும் ஒன்றுதான். ராத்திரி கார் எஞ்சினை மின்சாரத்தில் செருகிச் சூடேற்றாவிட்டால் காலையில் அது எழுந்திருக்காது. (கணவரும் அப்படித்தான் என்பது மனைவிமார் தரப்பு.) குழாய்த் தண்ணீர் இல்லாத மரக்குடில்கள் அந்த ஊரில் சகஜம்; கழிப்பறை வெளியே. தோல் ஒட்டிக்கொள்ளாமலிருக்கத் தெர்மாகோல் இருக்கை போட்டிருப்பார்கள். ஆக, ஆசைப்பட்ட வெட்டவெளி வாழ்க்கை விடிகாலையிலேயே கிடைத்துவிடுகிறது. ஜூனில் இரவும் இருட்டாதே, ஆற்றில் படகு விடலாமே என்கிறீர்களா? தாராளமாக விடலாம். கொசுவுக்கும் அப்போதுதான் சீசன்.