முள்ளியல்: பெட்ரோல் அளவை பற்றி ஒரு முன்னாய்வு

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பது முன்னோர் முடிபு. சட்டி காய்ந்து கிடக்கும்போதும் பாதி நிறைந்ததாகக் காட்டும் அகப்பையைப் பற்றி அவர்கள் எதுவும் சொல்லிவைக்கவில்லை. அவர்களிடம் பழைய கார் இல்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை எழுந்தது.

ஆய்வுப் பொருள், 1980-களில் பிறந்த ஒரு கார். செய்தவர் பெயரைச் சொல்வதற்கில்லை. இத்தனை வருடம் உழைத்த பிறகு பிறந்த வீட்டைக் குறை சொல்வது முறையன்று. அதன் மீட்டர் போர்டில் உள்ள பெட்ரோல் முள் நான் வாங்கிய நாள்முதல் பாதிக்குக் கீழே இறங்கியதில்லை. அதை நல்ல மைலேஜ் என்று எண்ணிச் சில நாள் மகிழ்ந்திருந்தேன்.

மணிமேகலையின் 27-ஆம் காதையில், வஞ்சி மாநகரில், சமயக் கணக்கர்கள் ஒவ்வொருவராகத் தம் கொள்கையை எடுத்துரைக்கிறார்கள். முதலில் பேசுபவன் அளவைவாதி. அறிவதற்கு வழி பத்து என்று அடுக்குகிறான். அளவை என்றால் அறியும் வழி. படியும் உழக்கும்கூட அளவைதான். இவ்விரண்டு பொருளும் ஒருசேரப் பொருந்துவது பெட்ரோல் முள்ளுக்கே என்பது என் துணிபு.

காட்சி அளவைப்படி டேங்க் பாதி. கருதல் அளவை, அதாவது புகையைக் கண்டு நெருப்பை அறிவது, வேறு சொன்னது: காலி டேங்கில் போட்டது 20 லிட்டர், லிட்டருக்குப் 12 கிலோமீட்டர், ஓடியது 230. ஆகவே உள்ளே இருப்பது சொற்பம். இரண்டும் முரண்பட்டால் காட்சியையே கொள்க என்பாரும் உளர். அவர்கள் பாடாலூர் தாண்டி, பகல் இரண்டு மணி வெயிலில், கேனைத் தூக்கிக்கொண்டு பெட்ரோல் பங்குக்கு நடக்கட்டும், நான் நடந்தாயிற்று.

ஐதிகம் என்று ஓர் அளவையும் உண்டு. இந்த மரத்தில் தெய்வம் இருக்கிறது என்று ஊர் சொல்வதை ஏற்பது. “சிவப்புக் கோட்டைத் தொட்ட பிறகும் நாப்பது கிலோமீட்டர் போகும் சார்” என்று காரை விற்றவர் சொன்னது இவ்வகை. முள் சிவப்புக் கோட்டைத் தொட்டால்தானே அதைச் சோதிக்க! அடுத்தது அபாவம், இன்மையால் அறிதல். வண்டி நான்கு முறை செருமிவிட்டு நின்றது. ஐயத்துக்கு இடமில்லாத அறிவு அது ஒன்றுதான். பின் சீட்டிலிருந்த அப்பா மட்டும் ஒப்பவில்லை.

“டேய், எறங்கி வண்டியக் குலுக்குடா. இருந்தா சத்தம் கேக்கும்.”

அவர் முப்பது வருடம் ஸ்கூட்டர் ஓட்டியவர். காட்சி கண்ணுக்கு மட்டும் உரியதன்று, செவிக்கும் உண்டு என்பது நூல் வழக்கு. குலுக்கினேன். சத்தம் வரவில்லை.

இனிக் கருவியின் இலக்கணம். டேங்குக்குள் ஒரு மிதவை. அதைத் தாங்கும் கம்பிக் கை. கை ஏறி இறங்க, அதன் நுனி ஒரு காயில் மேல் உரசி நகரும். காயிலின் மின்தடை மாறுவதற்கேற்ப முள் நகரும். எங்கள் கார் மரபில் டேங்க் நிறைந்தால் தடை சில பத்து ஓம், காலியானால் 200-க்கு மேல். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் சமயத்தார் நெடுங்காலம் இதற்கு நேர்மாறு: காலிக்கு 0, நிறைவுக்கு 90. எனவே ஒரு வண்டியின் டேங்க் யூனிட்டை, அதாவது இந்த மிதவை, கை, காயில் தொகுதியை, இன்னொன்றில் மாட்டுவது மதமாற்றம். முள் தலைகீழாகத் தொழத் தொடங்கிவிடும்.

பழைய முள் மெதுவாக ஏறுவதைக் குறை கூறுவர். அற்றன்று. அதற்குப் பின்னால் இரட்டை உலோகப் பட்டை ஒன்று மின்சாரத்தில் சூடேறி வளைய வேண்டும்; அதற்குச் சிறிது நேரம் பிடிக்கும். அந்தச் சோம்பல் ஒரு வரம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பெட்ரோல் அலைமோதுவதை எல்லாம் முள் காட்டத் தொடங்கினால் ஓட்டுபவன் மனம் என்னாகும்? டேங்க் சதுரப் பெட்டியும் அல்ல என்பதால் பாதி முள் என்பது பாதி பெட்ரோல் ஆகாது. கழுத்துவரை நிரப்பினால் மிதவை முன்கூட்டியே உச்சியில் முட்டி நிற்கும். முதல் சில மைல்களுக்கு முள் அசையாமல் இருப்பது இதனால்தான். அப்போது மைலேஜைப் பற்றிப் பெருமை பேசுவோரை மன்னித்துவிடலாம்.

எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் இந்த முன்னுரை முழுவதையும் சொன்னேன். அவர் வாயிலிருந்த பீடியை அணைத்துத் தூர எறிந்தார். என் ஆய்வுக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்தேன். பெட்ரோலுக்குக் கிடைத்தது என்று பிறகு தெரிந்தது.

“டெம்பரேச்சர் முள்ளும் கூடச் சேந்து தப்பா காட்டுதா?” என்றார். இல்லை என்றேன். இரண்டும் ஒன்றாகக் கெட்டால், 12 வோல்ட்டை விட்டுவிட்டுக் கொடுத்துச் சராசரி 10 வோல்ட்டாக்கும் ஸ்டெபிலைசரைச் சந்தேகிக்க வேண்டுமாம். அடுத்து டிக்கி விரிப்பை விலக்கி, டேங்க் மூடியபடி இருக்கும்போதே, யூனிட்டின் வயரைக் கழற்றினார். சாவியைப் போட்ட பிறகும் முள் காலியிலேயே படுத்திருந்தது. வாங்கிய நாள்முதல் காணாத காட்சி. வயர் நுனியைத் தள்ளி எடுத்துப் போய் பாடியில் சில விநாடி தொட்டார். முள் நிறைவை நோக்கி ஏறியது. “மீட்டர் ஓகே, வயர் ஓகே. கோளாறு உள்ளதான்.” மீட்சி அளவை: ராமன் வென்றான் எனில் ராவணன் தோற்றான்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு யூனிட்டை வெளியே எடுத்தார். கை பாதி உயரத்தில் துருவேறி இறுகிப்போயிருந்தது. விடுவித்து, காயிலைச் சுத்தம் செய்து, கையை மெல்ல ஏற்றி இறக்கி மல்டிமீட்டரில் பார்த்தார். எண் தாவாமல் ஒழுங்காக நகர்ந்தது. புது ரப்பர் பேக்கிங் வைத்து, யூனிட்டின் தகட்டுக்குப் பெயின்ட் அடித்து மூடியாயிற்று. டேங்கையும் நிரப்பினேன்.

முள் இப்போது காலி என்றது.

“எர்த் இல்ல சார்” என்று தலையில் அடித்துக்கொண்டார் அண்ணன். பெயின்ட்டும் ரப்பரும் சேர்ந்து தகட்டுக்கும் பாடிக்கும் இருந்த தொடர்பை அறுத்திருந்தன. பெயின்ட்டைச் சுரண்டி, ஒரு சிறு வயரைப் பாடிக்கு இழுத்து முடுக்கினார். முள் எழுந்து நிறைவுக்குப் போனது.

அதுமுதல் முள் மெய்யே சொல்லிவருகிறது. ஆனால் அப்பா ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம் கதவில் கைவைத்து வண்டியை ஒருமுறை குலுக்கி, காது கொடுத்துக் கேட்ட பிறகுதான் ஏறுகிறார்.