வெறும் பறியின் விலை: ஓர் ஆய்வு

இடுப்பில் பறி கட்டிக்கொண்டு ஏரியில் இறங்குவது நம்மவர்க்குப் புதிதல்ல. அப்படியொரு பறியைக் கண்ணாடி அலமாரியில் வைத்து, விளக்கும் போட்டு அழகு பார்ப்பவர்கள் அமெரிக்கப் பழம்பொருள் பித்தர்கள். ‘கிரீல்’ எனப்படும் இந்தத் தூண்டில்காரர் கூடை ஏன் விலை போகிறது என்பதே நம் ஆராய்ச்சி.

முதலில் உடற்கூறு. பிளந்த வில்லோ மர மிலாறுகளால் பின்னிய உடல்; இடுப்போடு ஒட்ட உள்வாங்கிய முதுகு; முன்னால் தள்ளிய தொந்தி. (அணிந்தவருக்கும் தொந்தி அதே திசைதான்.) மூடியில் ஒரு துளை. மூடியைத் திறக்காமலே டிரௌட் மீனை அதன்வழி உள்ளே நழுவவிடலாம். அடியில் ஈரப்பாசி. பின்னல் இடுக்கில் காற்று புகுந்து ஈரத்தை ஆவியாக்க, மீன் குளிர்ந்திருக்கும். நம் மண்பானையின் தத்துவம்தான்.

அடுத்து, குலம் கோத்திரம். தோல் விளிம்பு இல்லாத கூடை சாமானியம். உச்சாணியில் இருப்பது ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லண்டின் ஜார்ஜ் லாரன்ஸ் கம்பெனிக் கூடை. 1857இல் வேர்விட்ட குதிரைச் சேணத் தொழில் அது. எங்கோ பின்னி வந்த கூடைக்குத் தோல் தைத்து, பூவேலை செய்து, முத்திரை குத்தி விற்றார்கள். பின்னிய கை யாருடையது என்று கூடை சொல்லாது. தைத்தவர் பெயருக்கே காசு.

மூன்றாவது, அளவுகோல். சில கூடைகளில் அங்குலக் கோடுகள் உண்டு. சட்டம் சொன்ன நீளத்துக்குக் குறைந்த மீனை ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும். தப்பிப்போன மீனை மட்டும் இந்தக் கோல் அளந்ததே இல்லை. அதற்கு இரண்டு கைகளையும் அகல விரிப்பதே மரபு.

இனி நம் கருதுகோள்: கூடையின் விலையும் அது கண்ட மீனும் எதிர்விகிதத்தில் உள்ளன. நிரூபணம் எளிது. தினமும் மீன் நிறைந்த கூடையில் ஈரம் ஊறித் தோல் வெடிக்கும், நூல் இற்றுப்போகும், மூடியின் வார் அறுந்து தொங்கும். கடைசியில் குப்பைக்குப் போகும். ஒரு மீனும் அகப்படாமல் திரும்பியவரின் கூடையோ பரணில் பத்திரமாக இருந்து, பேரன் காலத்தில் ஏலத்துக்கு வரும். ஆக, சேகரிப்பாளர் காசு கொடுத்து வாங்குவது வேறொருவருடைய தோல்வியை.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். மீன் வாடை அடித்தால் அடித்துப் பேரம் பேசுங்கள். அடிக்காவிட்டால், பழைய சொந்தக்காரரை நினைத்து ஒரு பெருமூச்சு விட்டு, கேட்ட விலையைக் கொடுத்துவிடுங்கள்.