எளிய அயனிகளின் பெயரிடு முறையும் அடைப்புக்குறிக்கு முன்னுள்ள வெற்றிடமும்: ஓர் ஆய்வு

எளிய அயனி என்பது எலக்ட்ரானை இழந்தோ பெற்றோ மின்சுமை கொண்டு நிற்கும் ஒற்றை அணு. அயனிக்கு 1834இல் மைக்கேல் ஃபாரடே பெயர் வைத்தார். பெயரைச் சொல்லிக் கொடுத்தவர் வில்லியம் ஹியூவெல். பெயரிடும் விதிகள் இரண்டே, புறனடைகள்தாம் ஏராளம்.

எதிரயனிக்கு, தனிமப் பெயரின் வாலை நறுக்கி ‘ஐடு’ சேர்க்க வேண்டும். குளோரின் குளோரைடு ஆகும். ஆக்சிஜன் ஆக்சைடு ஆகும். இதில் குழப்பமே இல்லாததால் அறிஞர் எவரும் இதைத் தொடுவதில்லை. ஓரணுவாக இல்லாத ஹைட்ராக்சைடும் சயனைடும் அழைப்பில்லாமல் இப்பந்தியில் அமர்ந்திருப்பது தனி வழக்கு.

ஒரே சுமையுடைய நேரயனிக்குத் தனிமத்தின் பெயரே போதும்: சோடியம் அயனி, கால்சியம் அயனி.

சிக்கல் இரும்பில் தொடங்குகிறது. அது இரண்டு எலக்ட்ரானையும் இழக்கும், மூன்றையும் இழக்கும். முன்னோர் குறைந்த சுமைக்கு ‘அஸ்’, கூடியதற்கு ‘இக்’ என்று வகுத்தனர். இரும்பில் ஃபெரஸ் 2, ஃபெரிக் 3. செம்பிலோ குப்ரஸ் 1, குப்ரிக் 2. ஆகவே ‘அஸ்’ என்று கேட்டவருக்குச் சுமை எவ்வளவு என்று தெரியாது. இதைவிடப் பெரியது ஒன்று உண்டு என்பது மட்டும் தெரியும். மாங்கனீசுக்கு நிலைகள் பல, விகுதிகள் இரண்டே. 1919இல் ஜெர்மானியரான ஆல்ஃபிரட் ஸ்டாக், பெயரை அடுத்து எண்ணை இட்டு இதைத் தீர்த்தார்; பின்னர் அது ஆக்சிஜனேற்ற எண்ணைக் காட்டும் ரோமன் எண்ணாகி அடைப்புக்குறிக்குள் அமர்ந்தது. பாடநூல்கள் பணிந்தன. மருந்துக்கடை பணியவில்லை: இரும்புச்சத்து மாத்திரை அட்டையில் இன்றும் ஃபெரஸ் சல்பேட்தான். விழுங்குகிறவர்கள் ஆக்சிஜனேற்ற எண்ணைக் கேட்டதாகத் தகவல் இல்லை.

இனி மையப்பொருள். பெயருக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவே வெற்றிடம் விடலாமா? கூடாது என்பது பன்னாட்டு வேதியியல் ஒன்றியத்தின் விதி. விவாதம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடிந்தால் ஆய்வாளர்கள் பிழைப்பது எப்படி? இடைவெளி விட்டால் எண் அநாதையாகும் என்பர் ஒட்டுக் கட்சியார். விடாவிட்டால் இரும்புக்கு மூச்சு முட்டும் என்பர் விட்டுக் கட்சியார். இன்னும் எழுதப்படாத ஓர் உரையின் 412ஆம் பக்கம், பாதி இடைவெளி விடலாம் எனச் சமரசம் பேசுகிறது. அவ்வுரைக்கு இனிமேல் வரவிருக்கும் மறுப்போ, அந்தப் பாதி இடமிருந்து அளக்கப்பட்டதா வலமிருந்தா என்று மடக்குகிறது. அம்மறுப்பை மறுக்கும் ஏட்டில் இவ்விடத்தைக் கரையான் அரித்துவிட்டது. அங்கே உள்ள ஓட்டையே ஆசிரியரின் இறுதிக் கருத்து எனக் கொண்டு முனைவர் பட்டம் பெற இடமிருக்கிறது.

இதன் கிளைச்சிக்கல், குறி முன்னா எண் முன்னா என்பது. அயனியின் தலைமேல் சுமையை 2+ என எழுத வேண்டும்; ஆக்சிஜனேற்ற எண்ணை +2 என எழுத வேண்டும். அணுவுக்கு இரண்டும் ஒன்றே. விடைத்தாள் திருத்துபவருக்கு அல்ல.

பாதரசம் வாசகரின் பொறுமையைச் சோதிப்பதற்கென்றே அமைந்தது. மெர்குரஸ் அயனியில் இரண்டு அணுக்கள் சேர்ந்து இரண்டு சுமையைச் சுமக்கின்றன, தலைக்கு ஒன்று. எனவே அடைப்புக்குறிக்குள் ஒன்று, தலைமேல் இரண்டு. ஈரணுவாதலால் இது எளிய அயனியும் ஆகாது. ஆயினும் எளிய அயனிகளின் பட்டியலில் விடாமல் அச்சாகிறது.

எஞ்சியது சுழியம். ரோமானியரிடம் சுழியத்துக்கு எண்குறி கிடையாது. ஆதலால் நிக்கல் டெட்ராகார்பனைலில் உள்ள நிக்கலைக் குறிக்க, ரோமன் எண்களுக்கென்று கட்டிய அடைப்புக்குறிக்குள் 0 குடிபுகுகிறது. இந்தியாவில் பிறந்த எண்ணுக்கு அங்கே குடியுரிமை உண்டா என்று மூன்று தொகுதிகளுக்கு வாதிடலாம். ஆனால் அந்த நிக்கலுக்குச் சுமையே இல்லை; அது அயனி அல்ல; இவ்வாய்வின் எல்லைக்குள் வராது.