திருவனந்தபுரத்தில் டிரவுட் இல்லை

டிரவுட் மீனுக்கு இருபது டிகிரிக்குக் கீழே ஓடும் குளிர்ந்த தண்ணீர் வேண்டும். திருவனந்தபுரத்தில் மார்கழி விடியற்காலையில் குழாயைத் திறந்தாலும் அந்தக் குளிர் வராது. நமக்குப் பக்கத்து டிரவுட் மூணாறு மலைமேல் இருக்கிறது. பஸ்ஸில் போனால் ஒரு பகல் போய்விடும். அதனால், டிரவுட்டுக்கு ஈ கட்டும் கலையை இந்த ஊர்க் கரமனையில் உட்கார்ந்து பழகுவதில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. கட்டியது சரியில்லை என்று சொல்ல மீன் வரப்போவதில்லை.

ஈ கட்டுவது என்றால் தூண்டில் முள்ளில் நூலும் இறகும் சுற்றி, மேஃப்ளை என்னும் பூச்சியைப் போலச் செய்வது. அந்தப் பூச்சியின் ஜாதகம் பரிதாபமானது. மாதக்கணக்கில் ஆற்றுக் கல்லுக்கடியில் பாசி தின்று வளரும். சிறகு முளைத்து மேலே வந்தபின் ஒரு நாளோ இரண்டு நாளோ. சில வகைகளுக்குச் சில மணி நேரம்தான். அப்போது அதனால் சாப்பிடவும் முடியாது. கல்யாணம் ஒன்றே நிகழ்ச்சி நிரல். பறக்கிற சிறகு வந்த பிறகும் இன்னொரு முறை தோல் உரிக்கும் பூச்சி இது ஒன்றுதான். முகூர்த்தத்துக்கு முன்னால் புடவை மாற்றுகிற மாதிரி.

நீர்ப்பரப்பைக் கிழித்து வெளியே வர அது தவிக்கும் சில நொடிகளில் டிரவுட் வந்து விழுங்கிவிடும். அந்தத் தவிப்பை நடித்துக் காட்டுவதற்குத்தான் சாஃப்ட் ஹேக்கிள் என்னும் ஈ. மிதக்கும் ஈக்களுக்கு விறைத்த சேவல் இறகு சுற்றுவார்கள். இதற்கு மெத்தென்ற பெட்டைக்கோழி இறகோ கவுதாரி இறகோ போதும். நீரோட்டத்தில் மூச்சு விடுவதுபோல அசையும். ஸ்காட்லாந்துக்காரர் டபிள்யூ. சி. ஸ்டூவர்ட் 1857இலேயே இதன் பெருமையை எழுதிவிட்டார். பின்னால் மறந்துபோனதை 1975இல் சில்வெஸ்டர் நேம்ஸ் என்ற அமெரிக்கர் புத்தகம் போட்டு மீட்டார். முள்ளில் கொஞ்சம் பட்டு நூல், தலைப்பக்கம் இரண்டு சுற்று இறகு, ஒரு முடிச்சு. அவ்வளவுதான். இரண்டு சுற்றோடு நிறுத்துவதுதான் கஷ்டம்; காசு கொடுத்து வாங்கிய இறகாயிற்றே!

முள்ளின் நம்பர் வேறு விசித்திரம். ஏற ஏற அளவு குறையும். 14 பெரியது, 18 சின்னது. சின்ன மேஃப்ளைக்கு 18தான் சரி. அதன் வளையத்தில் நூல் கோக்கும்போது, நம் மூக்குக் கண்ணாடி வாங்கி எத்தனை வருஷமாயிற்று என்பது தெரிந்துவிடும்.

பட்டு நூல் தேடிச் சாலைக் கடைத்தெருவுக்குப் போனேன். தையல் சாமான் கடைக்காரர் நெல்லைப் பக்கத்தவர். “எந்தத் துணிக்கு சார்?” என்றார். “துணிக்கு இல்லை, ஈக்கு” என்றேன். ஈக்கும் சட்டை தைக்கிற அளவுக்கு ஊரில் பணம் பெருத்துவிட்டதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஆரஞ்சு நிற நூலை எடுத்து வைத்தார்.

இறகுதான் வம்பு. காட்டுக் கவுதாரியைத் தொட்டால் வனத்துறை வரும். கோழிக்கடையிலோ எல்லாம் வெள்ளை பிராய்லர். எங்கள் வீட்டுக்குள் முட்டைகூட வந்ததில்லை. நானோ கடை வாசலில் நின்று, “இறச்சி வேண்டாம், இறகு மாத்ரம் மதி” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். “எந்தரு அண்ணா, வீட்டில் மந்திரவாதமோ?” என்று கேட்டான் கடைக்காரன். கடைசியில் பண்ணைக் காடையின் புள்ளி இறகு கவுதாரிக்கு ஈடாயிற்று. அலசி மொட்டைமாடியில் காயவைத்தேன். “ஏங்க, சீயக்காய் எனக்கு வாங்கினதா, காடைக்கு வாங்கினதா?” என்று மனைவி கேட்டதில் நியாயம் இருந்தது.

இந்தக் கலைக்காரர்கள் ஏங்கிச் சாகும் இறகு நம் மலையில்தான் இருக்கிறது. சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்தில், மெழுகு சொட்டிக் காய்ந்ததுபோல் மினுங்கும் பொட்டு இறகு. சால்மன் மீனுக்குக் கட்டும் ஈக்கு அது வேண்டுமென்று பிரிட்டிஷ்காரர்கள் கழுத்துத் தோல்களாகவே கப்பலேற்றினார்கள். 1960களின் கடைசியில் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. 1972 வனவிலங்குச் சட்டம் மிச்சக் கதவையும் சாத்தியது. இப்போது இங்கிலாந்தில் அந்தக் கோழியைப் பண்ணையில் வளர்த்து இறகு விற்கிறார்கள். பொதிகை மலையைப் பார்த்துக்கொண்டு வாழ்கிறவன் அந்த இறகுக்கு லண்டனில் விலை விசாரிக்க வேண்டும்.

பதிலுக்கு அவர்கள் மீனை இங்கே கொண்டுவந்தார்கள். கொச்சியில் டாக்டராக இருந்த பிரான்சிஸ் டே, 1865இல் மலபார் மீன்களைப் பற்றிப் புத்தகம் எழுதியவர், நீலகிரியில் டிரவுட்டை விட முயன்று தோற்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் நிலையம் வைத்து ஜெயித்தார். மூணாறில் தேயிலைத் துரைமார்களும் ஓடைகளில் டிரவுட்டை விட்டார்கள். பக்கத்து இரவிகுளம் 1978இல் தேசியப் பூங்காவாகிவிட்டது. அங்கே தூண்டிலோடு நுழைய முடியாது. ஆக, நம் கோழி அங்கே, அவர்கள் மீன் இங்கே. இரண்டையும் தொட முடியாமல் நடுவில் நான், கையில் ஒரு காடை இறகோடு.

கட்டியதை எங்கேயாவது நனைக்க வேண்டுமே என்று வாமனபுரம் ஆற்றங்கரைக்குப் போனேன். தெளிந்த தண்ணீர், கூழாங்கல், குட்டிப் பரல் மீன்கள். ஸ்டூவர்ட் சொன்னபடி ஆற்றின் மேற்பக்கமாக வீசி, நீரோட்டத்தில் இழையவிட்டேன். பரல்கள் வந்தன, முகர்ந்து பார்த்தன, போய்விட்டன. கரையில் நின்ற பையன் தண்ணீரில் எட்டித் துப்பினான். அத்தனையும் திரும்பி ஓடிவந்து மொய்த்தன.

“எந்தரு அண்ணா இது, ஈயோ?”

“ஆமாம். மேஃப்ளை. வெளியே வரத் தவிக்கிறது.”

அவன் முள்ளை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். பிறகு நிக்கர் பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய பொரோட்டாத் துண்டை எடுத்துக் கொஞ்சம் கிள்ளி நீட்டினான். “இது மதி அண்ணா.”

டிரவுட் பொரோட்டா சாப்பிடாது என்று அவனுக்கு எடுத்துச் சொல்லி, முள்ளைத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.