புல்லட்டின் முன்சக்கரம்
1955-இல் ஸ்தாபிதமான என்ஃபீல்டு இந்தியா கம்பெனி திருவொற்றியூரில் ஈன்றெடுத்த பழைய புல்லட்டுக்கு, அண்டையிலுள்ள சடையங்குப்பத்துவாசி ஒருவர் முன்சக்கர ஹப் தேடப் புறப்பட்டால், சென்னையின் நடுவே பழைய வண்டிச் சாமான் கடைகள் நிறைந்த புதுப்பேட்டைக்கு யாத்திரை போகவேண்டியிருப்பது விதியின் விநோதமே. ஹப்பிலுள்ள 6 அங்குல டிரம்முக்கு 7 அங்குல பிரேக் பிளேட் சேராது என்பது கணித சாஸ்திரம். “ரெண்டு தட்டு தட்டினா உக்காந்துடும் சார்” என்பது புதுப்பேட்டை வேதாந்தம். பேரிங்கின் வெளிவிட்டம், ஆக்சிலின் கனம், ஃபோர்க் கால்களின் இடைவெளி யாவும் ஒத்துவரவேண்டுமென்று வெர்னியரும் கையுமாக நிற்கும் பேர்வழியைக் கடைக்காரர் பரம காருண்யத்தோடு நோக்குகிறார். 1977 முதல் புல்லட் இங்கிலாந்துக்கும் கப்பலேறிய புண்ணியத்தால், அதன் உறுப்புகள் அங்கே நம்பரிட்டு, எந்த வருஷத்து வண்டிக்கு எது என்ற விவரத்தோடு விற்பனையாகின்றன. ஆகையால் நம்மவர் தம் பேட்டைச் சாமானைச் சீமையிலிருந்து தருவித்துக்கொள்ளலாம். சுங்கவரி தனி.