பூச்சில்லாத சுவரும் கூடுதல் வாடகையும்

மலேசியாவின் பேராக் மாநிலத்து ஈப்போ பழைய நகரில் அண்மைக் காலமாகப் பெருகிவரும் 'பூட்டிக்' விடுதி என்பது, எல்லா அறைகளும் ஒரே அச்சில் வார்த்தவையாக இருக்கும் பெரிய ஓட்டல்களுக்கு மாறாக, சில அறைகளை மட்டும் கொண்டு, அறைக்கு அறை தோற்றம் வேறுபட, பழைய கட்டடம் ஒன்றின் வயதையே முதலாக்கிப் பிழைக்கும் தங்குமிடமாகும். இவ்வகை விடுதிகளின் முன்னோடிகளுள் ஒன்று 1984இல் நியூயார்க்கில் திறக்கப்பட்ட மார்கன்ஸ் ஓட்டல்; அதைத் தொடங்கிய இயன் ஷ்ரேகரும் ஸ்டீவ் ருபெல்லும் அதற்குமுன் ஸ்டூடியோ 54 என்னும் இரவு நடன அரங்கை நடத்திப் பேர் வாங்கியவர்கள். ஆகவே, பூட்டிக் விடுதியில் இரவெல்லாம் தூக்கமில்லை என்று முறையிடுவோர் அதன் குலமரபை அறியாதவர்கள் என்றே கொள்ள வேண்டும்.

ஈப்போவுக்கு இந்த வாய்ப்புக் கிட்டியதற்கு அந்நகரத்தார் பட்ட கஷ்டமே காரணம். கிந்தா பள்ளத்தாக்கின் ஈயத்தால் செழித்த நகரம், 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் நொடித்து விலை சரிந்ததும் களையிழந்தது. இளையவர்கள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வேலை தேடிப் போயினர். 1948க்கு முற்பட்ட கட்டடங்களின் வாடகையை உயர்த்தவிடாமல் தடுத்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் இயற்றப்பட்ட வேறொரு சட்டத்தால் நீக்கப்படும்வரை, உரிமையாளர்களுக்குச் செப்பனிட மனமும் வரவில்லை, இடித்துக் கட்ட வழியும் இருக்கவில்லை. இவ்வாறு எவரும் சீந்தாமல் விட்டதால் தப்பிப் பிழைத்த கடைவீடுகளின் சுவர்களில் 2014இல் எர்னஸ்ட் சக்கரேவிச் என்னும் லித்துவேனிய ஓவியர், கோப்பிக் கோப்பை ஏந்திய முதியவர் முதலான ஓவியங்களைத் தீட்டினார். 2016இல் லோன்லி பிளானட் ஆசியாவில் காணவேண்டிய இடங்களின் பட்டியலில் ஈப்போவைச் சேர்த்தது. அதன்பின் பாசி படிந்த சுவருக்குப் 'பாரம்பரியம்' என்ற பெயர் வந்தது, பெயரோடு விலையும் ஏறியது.

கடைவீடு என்பது முகப்புக் குறுகி, உட்புறம் நீண்டு, கீழே வியாபாரமும் மேலே குடித்தனமுமாக அமைந்த கட்டடம்; நடுவில் வெளிச்சத்துக்கும் காற்றுக்குமாக வானம் பார்த்த முற்றம் ஒன்று இருக்கும். நாடகக் கலைஞர்கள் தங்கிய கொங் ஹெங் கட்டடத்தை நிலவடிவமைப்பாளர் இங் செக் சான் விடுதியாக்கியபோது, பழைய சுவர்களை மறைக்காமல் அப்படியே விட்டது பலருக்கும் முன்மாதிரியாயிற்று. முன்மாதிரியைப் பின்பற்றியோர் ஒருபடி மேலே போய், நன்றாக இருந்த பூச்சையும் உளிகொண்டு பெயர்த்துச் செங்கல்லை வெளிக்காட்டினர். இத்தகைய அறைக்குள் முதன்முதலாக அடியெடுத்து வைக்கும் ரப்பர்த் தோட்டத்து மூதாட்டி, பெட்டியைத் தூக்கிவரும் இளைஞனிடம், "ஏன் தம்பி, வீட்டு வேல இன்னும் முடியலியா?" என்று கேட்பது வழக்கம். அதில் கேலியில்லை, அக்கறைதான். மேலும், அறையின் நடுவே கண்ணாடிச் சுவரால் மட்டும் பிரிக்கப்பட்ட குளியலறையைக் கண்டதும், அந்த அம்மையார் பையிலிருந்து பாத்திக் கைலியை எடுத்துக் கண்ணாடியின் மேல்விளிம்பில் தொங்கவிட்டு, நவீன வடிவமைப்பின் அந்தச் சிக்கலை அரை நிமிடத்தில் தீர்த்துவிடுவார்.

அவருக்கு இவையெல்லாம் புதியவை அல்ல என்பதே இங்குக் கருதத்தக்கது. பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருந்த லயம் என்பது, ஒரே தகரக் கூரையின்கீழ் வரிசையாகத் தடுக்கப்பட்ட வீடுகளின் தொகுதி. பல லயங்களில் தடுப்புச் சுவர் கூரையைத் தொடாது நின்றுவிடுவதால், ஒரு வீட்டின் குறட்டையும் சண்டையும் அடுத்த வீட்டுக்கும் உரியனவாக இருந்தன. பூசாத சுவர், சிமெண்டுத் தரை, விளிம்பில் எனாமல் உதிர்ந்த மங்குக் கோப்பை, எல்லாரும் கூடும் முற்றம் என்று இன்று விடுதியின் விளம்பரத்தில் இடம்பெறும் யாவும் அங்கு வாடகையின்றியே கிடைத்தன. இரவுக் கேளிக்கைக்கும் குறைவில்லை. கள்ளுக்கடை இருந்தது; திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள்; மாரியம்மன் திருவிழா வந்தால் விடியவிடிய மேளம். தோட்ட நிர்வாகம் காதடைப்பான் தரவில்லை என்பது ஒன்றே வேறுபாடு. இன்றைய விடுதியோ தலையணைக்கருகில் சிறிய பெட்டியில் அதை வைத்து, 'இனிய கனவுகள்' என்று அட்டையும் எழுதிவைக்கிறது. அடுத்த கட்டடத்து மதுக்கூடத்தில் வாடிக்கையாளர் ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு பாடத் தொடங்கும் நேரம் விடுதியாருக்கு முன்பே தெரியும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

தோட்டத்தில் இரவு எவ்வளவு நீண்டாலும் விடியலுக்கு முன்பே பிரட்டு, அதாவது ஆள்கணக்கெடுத்து வேலை பிரித்துத் தரும் கூட்டம், தொடங்கிவிடும். குளிர்ந்த அதிகாலையில்தான் மரத்தில் பால் நன்றாக வடியும். அந்தப் பழக்கம் உடம்பில் ஊறியவர், விடிய இரண்டு மணிக்குப் பாட்டு ஓய்ந்தபின் கண்ணயர்ந்தாலும் நான்கரைக்கு எழுந்து உட்கார்ந்து, பசியாறல் எட்டு மணிக்குத்தான் என்ற அறிவிப்பை வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பார். அறையிலுள்ள சிறு குளிர்பெட்டியின் விலைப்பட்டியலை ஒருமுறை படித்தவர் அதை மறுபடி திறப்பதில்லை. ஈப்போவின் புந்தோங்கில் வாங்கிய கச்சாங் பூத்தே பொட்டலம், கடலையும் முறுக்கும் கலந்தது, கைப்பையில் இருக்கவே இருக்கிறது.

இத்தகைய விடுதி அறையின் வாடகையைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் தெருவுக்கு வந்த காலத்தில், பேராக்கின் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, நூறு வெள்ளிப் பங்கைப் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டச் சொல்லித் தோட்டம் தோட்டமாக அலைந்தார். பால் வெட்டியவர்கள் அப்படிச் சேர்த்த பணத்தில் தோட்டமே வாங்கப்பட்டது. இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பூட்டிக் அறையில் சனிக்கிழமை இரவைக் கழிக்க அந்தப் பங்கின் விலையைவிடக் கூடுதலாகக் கட்டுகிறார்கள். வெள்ளியின் மதிப்பு மாறிவிட்டது என்று பொருளியலார் விளக்குவார்கள். பாட்டிமார் அந்த விளக்கத்தை இதுவரை ஏற்கவில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகும் அங்கே தங்கவேண்டும் என்போர், சனிக்கிழமையைத் தவிர்த்து வாரநாளில் செல்வது நலம். பதிவு செய்யும்போது முற்றத்தை ஒட்டிய பின்பக்க அறையைக் கேட்டு வாங்க வேண்டும். தெருப்பக்க அறை வேண்டாம். அதற்கு 'நகரக் காட்சி' என்று தனிக்கட்டணம் உண்டு, காதடைப்பான் மட்டும் இலவசம்.