தூர இருந்து வேலை செய்யிற மருமோனுக்கு

மருமோன், நீ கொழும்பில இருந்துகொண்டே தர்மபுரத்து வீட்டுக் கொம்பியூட்டரில வேலை செய்யிறாய் எண்டு ஊர் முழுக்கப் பெருமையாக் கதைக்கினம். வலு சந்தோசம். எனக்கு ஒரு சின்னச் சந்தேகம்தான். வெள்ளவத்தையில நீ கிளிக் பண்ண, இஞ்ச மேசைக்குக் கீழ குனிஞ்சு வயரை ஆட்டிப் பாக்கிறது கொம்மா. வட்ஸ்அப்பில போனைத் திருப்பித் திருப்பிக் காட்டுறதும் கொம்மா. 'பச்சை லைற்றோ செம்மஞ்சள் லைற்றோ' எண்டு நீ கத்த, கண்ணாடியைத் தேடித் திரியிறதும் அவதான். அப்ப தூர இருந்து வேலை செய்யிறது ஆர்?

உன்ர மக்கில கோளாறாம், இல்லாட்டி விண்டோசில கோளாறாம், எல்லாத்தையும் உபுண்டுவுக்கு மாத்தப்போறியாம். மாத்து ராசா, மாத்து. மெஷின் ஓவ் ஆகிக் கிடந்தால் மூண்டும் ஒரே மாதிரித்தான் வேலை செய்யும்.

2025 மாசி 9, ஞாயிற்றுக்கிழமை ஞாபகமிருக்கே? பாணந்துறை உபமின்நிலையத்தில ஒரு குரங்கு போய் முட்டினதில இலங்கை முழுக்கக் கறண்ட் நிண்டுது. நான் பகிடி விடேல்லை, மின்சக்தி அமைச்சரே சொன்னவர். பிறகு ஊருக்குக் கறண்ட் வந்தது, உன்ர மெஷின் மட்டும் எழும்பேல்லை. நீ அங்க பாஸ்வேர்ட்டை மாத்தி மாத்தி அடிச்சுக்கொண்டிருந்தாய். கறண்ட் போய் வந்தால் தானா எழும்பச் சொல்லுறதுக்குப் பயோசுக்குள்ள ஒரு வரி இருக்கு. நாங்கள் மாத்தாட்டி அது பெரும்பாலும் 'எழும்பாதை' எண்டுதான் கிடக்கும். ஸ்லீப்பும் அப்பிடித்தான், வயர் குத்தியிருக்கேக்க நித்திரைக்குப் போகாத மாதிரி வைக்கவேணும். தொண்ணூறுகளில, பொருளாதாரத் தடைக்குள்ள, சைக்கிளைக் கவிட்டு வைச்சு டைனமோ சுத்தி றேடியோச் செய்தி கேட்ட சனம் நாங்கள். சத்தம் வராட்டி முதல்ல சுத்துறவனைத்தான் பாக்கிறது, றேடியோவைக் கழட்டுறேல்லை.

அடுத்தது விலாசம். 192.168 எண்டு தொடங்கிற ஒரு இலக்கத்தைக் கொம்மாவிட்ட வாசிப்பிச்சு எழுதினாயாம். நல்லது. அந்த இலக்கம் வெள்ளவத்தையில உன்ர பக்கத்து வீட்டிலையும் இருக்கும், விசுவமடுவில வாழைக்குலை விக்கிறவரின்ர ரவுட்டரிலையும் இருக்கும். அது வீட்டுக்குள்ள மட்டும் செல்லுபடியாகிற இலக்கம். சரி, வெளி இலக்கத்தைப் பிடிப்பம் எண்டு ரவுட்டரில ரிமோட் டெஸ்க்ரொப் பாவிக்கிற 3389 எண்ட வாசலைத் திறந்துவிட்டாய். எங்கட வீட்டில இருக்கிறது சிம் போட்ட 4ஜி ரவுட்டர். அதின்ர பக்கத்தைத் திறந்து பார், வெளி விலாசம் எண்டு 100.64 க்கும் 100.127 க்கும் இடையில ஏதோ ஒண்டு நிக்கும். இன்ரநெற் குடுக்கிற கொம்பனிகள் கனபேரை ஒரே வெளி விலாசத்துக்குப் பின்னால அடைச்சு வைக்கிறதுக்கெண்டு 2012 இல ஒதுக்கின இலக்கங்கள் அது. நீ உன்ர ரவுட்டரில ஓட்டை போடலாம், கொம்பனியின்ரயில போட ஏலாது. உள்ள இருக்கிற மெஷின் தானே வெளியில வந்து உன்னைச் சந்திக்கிற ஏற்பாடுதான் சரி. அதுக்கு ரெயில்ஸ்கேல் எண்ட மென்பொருளை ரண்டு பக்கமும் போடு. மக், விண்டோஸ், லினக்ஸ் எல்லாத்துக்கும் இருக்கு. அது தாற இலக்கமும் 100 இலதான் தொடங்கும், அதைக் கண்டு திரும்பவும் பயந்துபோகாதை.

உனக்கு இன்னொண்டு சொல்லோணும். 'கனெக்ற் ஆகேல்லை' எண்டு நீ சொல்லுற ஒரே சொல்லுக்குள்ள ரண்டு நோய் இருக்கு. அடிச்ச உடன 'மறுக்கப்பட்டது' எண்டு வந்தால் மெஷின் முழிப்பா இருக்கு, பாதையும் சரி, அந்த 3389 இலதான் ஒருத்தரும் இல்லை. சுத்திச் சுத்திக் கனநேரத்துக்குப் பிறகு 'நேரம் முடிஞ்சுது' எண்டு வந்தால் விலாசம் பிழை, இல்லாட்டி மெஷின் நித்திரை, இல்லாட்டி ஃபயர்வோல் தின்னுது. உபுண்டு மரியாதைக்காரன், இல்லையெண்டால் இல்லையெண்டு சொல்லிவிடுவான். விண்டோசின்ர ஃபயர்வோல் வாயே திறவாது. உந்த வித்தியாசத்தைப் பாத்தியெண்டால் கொம்மாவுக்கு அரைவாசி நாரிநோ மிச்சம்.

ரொறன்ரோவில இருந்து கொண்ணன் அனுப்பின லப்ரொப்பை விடு. அதில கிடக்கிறது விண்டோஸ் ஹோம். ஹோமில இருந்து வெளியில போகலாம், ஹோமுக்குள்ள ஒருத்தரையும் விடாது. 'ப்ரோ' இருக்கவேணும், இல்லாட்டி குரோம் ரிமோட் டெஸ்க்ரொப், ரஸ்ட்டெஸ்க் மாதிரி வேற ஒண்டு. ரிமோட் டெஸ்க்ரொப் எண்ட அப்பை மக்கில காணேல்லையெண்டு அழுதியாம். 2024 புரட்டாதியில அதின்ர பேரை 'விண்டோஸ் அப்' எண்டு மாத்திப்போட்டாங்கள். மக்கில விண்டோஸ் எண்ட பேரில ஒண்டு கிடந்தால் ஆருக்கடா தொடக் கை வரும்!

இனிப் பெரிய விசயத்துக்கு வாறன். கொம்மா நாலு இலக்கம் அடிச்ச உடன திறக்குது, நீ அதே நாலு இலக்கத்தை அடிக்கத் திறக்குதில்லை. கொம்மாவில விண்டோசுக்குப் பட்சம் எண்டு நினைச்சியோ? பின் எண்டது அந்த மெஷினுக்கு முன்னால குந்தியிருக்கிறவைக்கு மட்டும். தூர இருந்து வாறவர் மைக்ரோசொஃப்ற் கணக்கின்ர முழுப் பாஸ்வேர்ட்டைத்தான் அடிக்கவேணும். அதை நீ எப்பவோ மறந்துபோனாய்.

பிறகு அந்தக் கண்டுபிடிப்பு. ஒவ்வொரு நாளும் இரவு எட்டரைக்குத் தொடுப்பு அறுகுது, இது விண்டோசின்ர குறைபாடு எண்டு கந்தோருக்கு ஆங்கிலத்தில நீளமா எழுதினாயாமே. மோனை, எட்டரைக்கு நாடகம். கொம்மா அதை யூரியூப்பில பாக்கிறவ. விண்டோஸ் ப்ரோவிலையும் ஒரு நேரத்தில ஒரு ஆள்தான். நீ ஏறினால் இஞ்ச திரை பூட்டும். கொம்மா பின்னை அடிச்சால் நீ விழுவாய். நீ திருப்பி ஏறுவாய், மாமியார் மருமோளை வீட்டை விட்டுக் கலைக்கிற இடத்தில நாடகம் நிக்கும். கொம்மா திருப்பி அடிப்பா. ரண்டு பேரும் ஆளையாள் தெரியாமலே கிழமைக்கணக்கில சண்டை. உபுண்டுவுக்கு மாத்தினால் தீரும் எண்டு நினைக்காதை. ஒரே பேரில வீட்டுத்திரையில ஒருத்தர் இருக்க, எக்ஸ்ஆர்டிபி எண்ட லினக்ஸ் ரிமோட் டெஸ்க்ரொப்பால வாறவருக்குக் கறுப்புத் திரைதான் காட்டும். கொம்மாவுக்குத் தனிக் கணக்கு ஒண்டு போட்டுக்குடு. அப்பவும் விண்டோசில நேரத்தைப் பிரிச்சுத்தான் எடுக்கவேணும். எட்டரையை நீ கேக்காதை, கிடையாது.

ஒட்டுற கதையும் இருக்கு. சங்கத்துக் கடிதத்தை இஞ்சத்தை மெஷினில பாமினி எண்ட பழைய எழுத்துருவில அடிச்சது. தூர இருந்து பாக்கேக்க வடிவான தமிழ், ஏனெண்டால் எழுத்து இஞ்சதான் வரையப்படுகுது. அதைக் கொப்பி பண்ணி மக்கில ஒட்ட ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக் கொட்டுண்டுது. வைரஸ் எண்டு கத்தினாய். யூனிகோட்டுக்கு மாத்திப்போட்டு ஒட்டு. தமிழ்க் கீபோட்டும் ஒரு பக்கத்தில மட்டும் இருக்கட்டும், ரண்டு பக்கமும் தமிழாக்கினால் நீ அடிக்கிறது எந்தப் பாசையெண்டு மெஷினுக்கும் தெரியாது.

நாளைக்கு ஃபைபர் இழுத்து உண்மையான வெளி விலாசமே கிடைச்சாலும் 3389 ஐ உலகத்துக்குத் திறந்து வைச்சுப் பெருமை பேசாதை. 2019 வைகாசியில விண்டோசின்ர ரிமோட் டெஸ்க்ரொப்பில புளூகீப் எண்ட ஓட்டை வெளிச்சத்துக்கு வந்தது. பாஸ்வேர்ட்டே கேக்காமல் ஆள் உள்ளட்டலாம். 2014 இலையே கைவிட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்கும் மைக்ரோசொஃப்ற் இறங்கிவந்து மருந்து குடுத்தது எண்டால் பாரன்.

இண்டைக்குக் காலமை பால் குடுக்கிறவர் 'தம்பி எண்பத்தொன்பதிலையோ பிறந்தவர்' எண்டு கேட்டார். நான் முழிச்சன். கொம்மா உன்ர பின் நம்பரைக் கலண்டரில, பால்கணக்குக்குப் பக்கத்தில எழுதி வைச்சிருக்கிறா, 'கொம்பியூட்டர்' எண்டு மேல தலைப்பும் போட்டு. மாத்து. கொண்ணன்ர பிறந்த வருசத்தையும் வைக்காதை, அதுவும் அந்தாளுக்குத் தெரியும்.